அடைக்காமல் விட்ட துளைகள்

அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தது அண்ணன். அவள் தையல் தொழிலுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே வைத்துவிட்டான். ஏழு வயதில் அவள் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர்களுக்கு எங்கேயாவது குத்தும். "அம்மா, இந்த ஊசியை டப்பாவில போட்டு மூடி வை" என்பான். பதிலுக்கு அவள் அவனைக் கரி என்றாள். நிறத்துக்காக இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீட்டுக்கு வராமல் இரும்புப் பட்டறை வாசலில் நின்றுவிட்டு, மூக்கு நுனியெல்லாம் கரியோடு வருவான். பிறகு அந்தப் பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்தான், அதையே எடுத்து நடத்தவும் செய்தான். விளையாட்டாக வைத்த இரண்டு பெயர்களும் கடைசியில் தொழில் பெயர்களாகவே ஆகிவிட்டன.

ஊசிக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் ஒரே ஓர் அறை. அதுதான் கடை. ஜன்னலோரம் மிஷின், சுவர்ப் பலகையில் நூல்கண்டுகள், மேசை இழுப்பறையில் நூலுக்குத் தேய்க்கும் மெழுகுக் கட்டி. கல்யாணம் என்று ஒன்று நடந்து, பதினோரு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்து நின்றவளை என்ன ஏது என்று கேட்காமல் உள்ளே கூப்பிட்டவன் அண்ணன்தான். அடுத்த வாரமே பழைய மிஷின் தலை ஒன்றை எங்கிருந்தோ தூக்கி வந்து, அதற்கு இரும்பில் காலும் மிதியும் அடித்துப் பொருத்தினான்.

"குத்துறதுதான் குத்துற, துணியில குத்து. நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றான்.

அந்த மிதியில்தான் முப்பது வருடமாக அவள் கால் இருக்கிறது.

அவள் கைக்கு ஒரு பெயர் உண்டு. அவள் தைத்த சட்டையில் துணி நைந்து இற்றுப் போகுமே தவிர, பக்கவாட்டில் வெட்டு விட்ட இடம் கிழியாது. வெட்டு எங்கே முடிகிறதோ அங்கே குறுக்கே நான்கைந்து தையல் நெருக்கிப் போட்டுப் பூட்டுவாள். வேலை கற்க வருகிற பெண்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள். "வெட்டுறது யார் வேணா வெட்டலாம். வெட்டு எங்க நிக்கணும்னு துணிக்கு நாமதான் சொல்லணும்." அண்ணன் சாயங்காலங்களில் மாடியேறி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவள் பூட்டுப் போடுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். என்ன பார்க்கிறாய் என்று அவளும் கேட்டதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தாள். கல்லறைக்குப் பளிங்கில் சிலுவை வைப்பது என்று ஊசி முடிவு செய்து, கல் வேலைக்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தாள். மருத்துவமனை, பெட்டி, பூ, சொந்தக்காரர்களுக்குத் தகவல் என்று எல்லாவற்றுக்கும் அவளே ஓடியிருந்தாள். மூன்று நாள் தூக்கமில்லை. அந்த நேரம் பார்த்து, கல்லறைத் தோட்டத்தில் உறவுகள் எல்லாம் நின்றுகொண்டிருக்கும்போது, அண்ணன் ஒரு சாக்குப் பொட்டலத்தோடு வந்தான். பிரித்தான். உள்ளே இரும்புச் சிலுவை. கைகளின் நுனிகளை இலை மாதிரித் தட்டி விரித்திருந்தான். தலைப்பகுதியும் கைகளும் சேருகிற இரண்டு மூலைகளிலும் பட்டாணி அளவுக்கு ஒவ்வொரு துளை.

ஊசியின் கண் நேராக அந்தத் துளைகளுக்குத்தான் போயிற்று.

"என்ன கரி இது? ஏதாவது கேட்டுக்கு வெட்டினதுல மிஞ்சின பட்டையா? போல்ட் போட்ட ஓட்டை அப்படியே இருக்கு. அம்மாவுக்குன்னு கொண்டு வரும்போது அதையாவது அடைச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரே ஒருவர்தான், அதுவும் சின்னதாகத்தான். துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் அது போதாதா? அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சிலுவையைத் திரும்பவும் சாக்கில் சுற்றி, கயிற்றை நிதானமாக முடிச்சுப் போட்டு, தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாளில் வந்துவிடுவான், டீ கேட்பான், அதோடு முடிந்துபோகும் என்று ஊசி இருந்தாள். அவன் வரவில்லை. நான் ஏன் போக வேண்டும் என்று அவளும் போகவில்லை. ஒரு மாதம் போனபின் போவதற்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வருடம் போனபின், போய் என்னவென்று பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு முறை மிஷின் மிதியின் கம்பி முறிந்தது. பட்டறைக்கு நடந்தால் பத்து நிமிடம். அவள் போகாமல், தெரு முனையில் சைக்கிள் ரிப்பேர் செய்பவரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதை யாரும்மா அடிச்சது? நல்ல கை" என்றார்.

"தெரிஞ்சவர்" என்றாள் ஊசி.

அந்த ஒரு சொல் இப்போது அவளைத் தூங்கவிடுவதில்லை.

அண்ணன் போன மாதம் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணி போன் செய்து, ஊசி ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அண்ணி வீட்டுக் கூடத்தில் கல்லறை பற்றிய பேச்சு வந்தது. சனிக்கிழமை காலையில் கொத்தனார் சிமெண்ட் போட வருகிறார், ஈரம் காய்வதற்குள் சிலுவையை ஊன்றிவிட வேண்டும். பளிங்கு வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள்.

"கல் வேண்டாம். இரும்புல இருக்கட்டும்" என்றாள் அண்ணி. "பட்டறையில சொன்னா அடிச்சுக் குடுப்பாங்க."

"நான் அடிக்கிறேன்" என்றாள் ஊசி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே தான் சொன்னது புரியச் சற்று நேரம் பிடித்தது. அண்ணி மட்டும் ஆச்சரியப்படவில்லை. "செய்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூட ஊசிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை அவள் பட்டறைக்குப் போனாள். முன்பக்கம் முழுக்க கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங்கில் கிடந்தன. உலை பின் மூலையில். அண்ணனோடு இருபது வருடம் பெரிய சம்மட்டி அடித்தவருக்குச் சம்மட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அகலமான ஆள், ஊசியைவிடப் பத்து வயது சின்னவர்.

"வாங்கக்கா. நிஜமாவே வந்துட்டீங்களா?"

"ஏன், வரமாட்டேன்னு நெனச்சியா?"

"இல்ல. இரும்பு மிஷினுக்கு அடியில போகாதே, என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சேன்."

"நக்கலா தம்பி?"

"சத்தியமா இல்ல. கொஞ்சம்தான்." அவர் அவள் கழுத்தைக் காட்டினார். "முதல்ல அந்த இஞ்ச் டேப்பைக் கழட்டி வைங்க. பொறி பட்டா உங்களையும் சேர்த்து அளந்துடும்."

பழக்க தோஷம், அளவு நாடாவோடு வந்துவிட்டாள். கழற்றிப் பைக்குள் வைத்தாள். சம்மட்டி ஒன்றரை அங்குல அகலத்தில் ஒரு பட்டை இரும்பை எடுத்து மேசைமேல் போட்டார்.

"அரை மணி நேரத்துல நானே அடிச்சுக் குடுத்துடுவேன்க்கா. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"

"நீ அடிச்சா அது நீ வெச்ச சிலுவை. நான் என்ன வெச்சேன்?"

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சாக்பீஸால் பட்டையின் மேல் பாதியில் நீளவாக்கில் இரண்டு கோடு இழுத்தார்.

"ரொம்ப லேசான வேலைதான். புதுசா வர்றவங்களுக்கு அண்ணன் முதல்ல இதைத்தான் குடுப்பாரு. ஒரே பட்டை. ஒட்டு கிடையாது, வெல்டிங் கிடையாது. மேல இருந்து ரெண்டு வெட்டு. மூணு விரலா பிரியும். நடு விரல் தலை. ரெண்டு பக்கத்து விரலையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மடக்கினா கை. கீழ வெட்டாத பாகம் கால். முடிஞ்சுது."

சொல்லிவிட்டு, உலைக்குப் போகாமல் பட்டையைத் துளை போடும் மிஷினுக்கு எடுத்துப் போனார். ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் ஒரு துளை போட்டார். பட்டாணி அளவு.

ஊசி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"ஓட்டை எதுக்கு?"

"வெட்டு அங்க வந்து நிக்கணும்லக்கா? இல்லேன்னா கையை விரிக்கும்போது அந்த வெட்டு கீழ ஓடிடும், பட்டையே பொளந்துக்கும். வட்டமா ஒரு ஓட்டை இருந்தா அதோட நின்னுடும்." சம்மட்டி இரும்புத் தூளை ஊதித் தள்ளினார். "நாங்க முன்னாடி இப்படிப் போடறதில்ல. நிறைய கிழிச்சிருக்கோம். அண்ணன்தான் ஒருநாள் கண்டுபிடிச்சாரு. எங்கிருந்து புடிச்சீங்கன்னா, 'என் தங்கச்சி துணியில போடுற பூட்டுடா இது'ன்னு சிரிப்பாரு."



பட்டையை உலையில் வைத்தார்கள். பழுத்ததும் உளி வைத்து ஒரு வெட்டைப் பாதி வரை இறக்கினாள். மறுபடி உலையில் வைத்தார்கள். "ஆரஞ்சு நெறம் வந்ததும் இழுத்துடுங்க, வெள்ளையாகிப் பொறி விட்டா போச்சு" என்று சொல்லிவிட்டு, வாசலில் யாரோ கேட் கீல் கேட்டு வந்தவரைப் பார்க்க சம்மட்டி நகர்ந்தார். ஊசி பட்டையைக் குறட்டால் பிடித்தபடி நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது நெருப்பை அல்ல. சாக்குப் பொட்டலத்தின் முடிச்சை, அதை அவசரமில்லாமல் போட்ட விரல்களை. போல்ட் ஓட்டை என்றாளே! அம்மாவின் கல்லறைக்கு அவன் கொண்டு வந்தது கழிவுப் பட்டை இல்லை. அவளுடைய பூட்டைத்தான் இரும்பில் போட்டுக் கொண்டு வந்தான். முப்பது வருடமாகத் துணியில் போட்டவளுக்கு இரும்பில் அது கண்ணில் படவில்லை.

"அக்கா! இழுங்க, இழுங்க!"

உலையிலிருந்து வெள்ளைப் பொறி சிதறிக்கொண்டிருந்தது. வெளியே இழுத்தபோது பட்டையின் நுனி நுரைத்துப் போய், தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"விடுங்க. முதல் துண்டு எல்லாருக்கும் எரியும். நான் மூணு எரிச்சேன். பட்டைக்கா பஞ்சம்?"

"தம்பி, அது எங்க?"

"எது?"

"அம்மாவுக்குன்னு அவன் கொண்டு வந்தானே, அது."

சம்மட்டி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உலைக்குப் பக்கத்துத் தூணை முகவாயால் காட்டினார். அங்கே அண்ணனுடைய தோல் ஏப்ரன் தொங்கியது. போய் அதைத் தூக்கினார். தூணில் ஆணியடித்த இரும்புப் பட்டை ஒன்று. பக்கத்துக்கு ஒன்றாக முன்னோக்கி வளைந்த இரண்டு கொக்கிகள். கொக்கி முனைகள் இலை மாதிரி விரிந்திருந்தன. இரண்டு மூலைகளிலும் துளை.

"அன்னைக்கு நேரா இங்கதான் வந்தாரு. யார்கிட்டயும் பேசல. உலையில போட்டு ரெண்டு கையையும் முன்னால மடக்கினாரு. 'மாட்டறதுக்காவது ஆகட்டும்'னாரு. அவ்வளவுதான்."

ஒன்பது வருடம் காலையில் அதிலிருந்து ஏப்ரனை எடுத்து, மாலையில் அதிலேயே மாட்டியிருக்கிறான். ஊசி துளைக்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தாள். உள்விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். கழிவுப் பட்டையின் ஓட்டைக்கு யாரும் அரம் போட மாட்டார்கள். அன்றைக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தால் போதும். விரலால் தொட்டே துணியின் ரகம் சொல்கிறவள் அவள்.

"இதைத் திரும்ப விரிக்க முடியுமா? நாளன்னைக்கு இதையே வெச்சுடலாம்."

சம்மட்டி கொக்கியின் வேரை உற்றுப் பார்த்தார். "விரிக்கலாம். ஆனா இங்க மெலிஞ்சு கெடக்கு பாருங்க. ஒரு தடவ விரிச்சது, ஒரு தடவ மடக்கினது. மூணாவது தடவ போனா கை தனியா வந்துடும்னு தோணுது. நீங்க சொன்னா பண்றேன்."

அவர் நிஜமாகவே சுத்தியலை எடுத்துவிட்டார். ஊசி ஏப்ரனை அவர் கையிலிருந்து வாங்கி, பழைய இடத்திலேயே மாட்டினாள்.

"இருக்கட்டும். அவன் மடக்கினது மடக்கினபடியே இருக்கட்டும். நாளைக்கு வேற பட்டை எடுத்து வை."

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் கடையைத் திறக்கவில்லை. பட்டறையில் சம்மட்டி குறட்டால் பட்டையைப் பிடித்துக்கொண்டார். "இருபது வருஷம் அவர் புடிச்சாரு, நான் அடிச்சேன். இன்னைக்கு நான் புடிக்கறேன், நீங்க அடிங்க. என் கைய மட்டும் விட்டுடுங்க, எனக்கு அது ஒண்ணுதான் சொத்து." முதல் பத்து அடியில் நான்கு பட்டறைக்கல்லில் விழுந்தன. தோள் எரிந்தது. உளியை அடித்து வெட்டை இறக்கினாள். வெட்டு துளையைத் தொட்டதும், டக்கென்று ஒரு சின்னச் சத்தத்தோடு நின்றது. இரண்டாவது வெட்டும் அப்படியே நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவள் சுத்தியலை வைத்துவிட்டுச் சற்றுநேரம் வாசல் பக்கம் போய் நின்று வந்தாள். சம்மட்டி அதற்குள் உலைக்குக் கரி போட்டபடி, எதையும் கவனிக்காதவர் மாதிரி இருந்தார்.

வலது கை ஒழுங்காக விரிந்தது. இடது கையை மடக்கும்போது ஓர் அடி தப்பி, அது கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. நுனிகளை இலை மாதிரித் தட்டப் பார்த்தாள். ஒன்று இலையாயிற்று, மற்றது கரண்டியாயிற்று. ஆறியபின் பையிலிருந்து நாடாவை எடுத்து அளந்தாள். அரை அங்குல வித்தியாசம். கால் அங்குலம் பிசகினாலே சட்டைக் கையைப் பிரித்து மறுபடி தைக்கிறவள்.

"ஏத்திடலாமா?" என்றாள்.

"இன்னொரு தடவ அந்த இடத்துல அடிச்சா மெலியும். துணின்னா பிரிச்சுத் தைக்கலாம்க்கா. இங்க பிரிக்க முடியாது."

"தெரியும்" என்றாள் ஊசி.

கம்பி பிரஷ்ஷால் கருகலைத் தேய்த்தார்கள். இரும்பு துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தேடிய சம்மட்டியிடம் அவள் கடை இழுப்பறையிலிருந்து கொண்டு வந்திருந்த மெழுகுக் கட்டியை நீட்டினாள். இளஞ்சூட்டில் தேய்த்ததும் மெழுகு புகைந்து உருகி, சிலுவை கறுப்பாக மினுங்கியது. நூலுக்குத் தேய்த்துத் தேய்த்து மெழுகில் விழுந்திருந்த பள்ளங்கள் எல்லாம் அதோடு கரைந்து போயின.

சனிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்தில் அண்ணியும் சம்மட்டியும் ஊசியும்தான். கொத்தனார் ஈரச் சிமெண்டில் சிலுவையை ஊன்றி, மட்டப்பலகை வைத்துப் பார்த்தார்.

"இடது பக்கம் சாயுதேம்மா."

"சிலுவை நேராத்தான் இருக்கு. கைதான் கோணல்" என்றாள் ஊசி.

கொத்தனார் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கரண்டி முனையில் கொஞ்சம் சிமெண்ட் எடுத்தார். "இந்த ஓட்டை ரெண்டும் அசிங்கமா இருக்கே. அடைச்சுடட்டுமா?"

அவருக்குத் தேவைப்பட்டது சரி அல்லது வேண்டாம் என்ற ஒரு வார்த்தை. ஊசி அவருக்கு முழுவதும் சொன்னாள். ஒரே பட்டை என்றும், ஒட்டு இல்லை என்றும், வெட்டு ஓடாமல் நிற்பதற்குத்தான் அந்தத் துளை என்றும், அது இல்லாவிட்டால் விரிக்கும்போது கிழிந்து கால் வரை போய்விடும் என்றும், இதைக் கண்டுபிடித்தவர் இங்கே படுத்திருப்பவர் என்றும்.  கரண்டியில் சிமெண்ட் காய்ந்துகொண்டிருக்க, பாவம் அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

"சரிம்மா, நான் தொடல" என்றார். "ரெண்டு நிமிஷம் அசையாம புடிச்சுக்குங்க. இறுகட்டும்." தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

ஊசி குனிந்து சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ இப்ப இவருக்கு விளக்கினதைப் பத்தித்தான் அன்னைக்கு நானும் அவர்கிட்ட கேட்டேன்" என்றாள் அண்ணி. "அவகிட்ட ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கலாமேன்னு. 'அவளுக்குப் போய் நான் சொல்லணுமா? மிஷின்ல உக்காந்து ஒரு பூட்டுப் போட்டா அவளுக்கே தெரிஞ்சுடும். நாளைக்குக் காலைல வந்து நிப்பா பாரு'ன்னாரு."

ஊசி நிமிரவில்லை.

"மறுநாள் நானும் பட்டறைக்குப் போனேன். ரெண்டு டீ வாங்கி வெச்சிருந்தாரு. ஒண்ணு உனக்கு, சக்கரை கம்மியா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஆறிப்போச்சு. நான் குடிச்சேன்."

கொத்தனார் வாளியோடு திரும்பி வந்து, சிமெண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இறுகிவிட்டது, கையை எடுக்கலாம் என்றார்.